இரண்டு கிளாஸ் ஊற்றிப் பாருங்கள்: அடிலெய்டில் ஒயின் சுவைக்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

அடிலெய்டில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மெக்லாரன் வேல், அடிலெய்டு ஹில்ஸ். கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் பரோசா. இன்னும் வடக்கே போனால் கிளேர் வேலி. உலகம் முழுக்கப் பெயர் பெற்ற திராட்சைத் தோட்டங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனால் கடையில் அந்த நீண்ட அலமாரிக்கு முன்னால் நின்றால் எதை எடுப்பது என்று புரியாது. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன், இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டுக்கு வரும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், சுவைத்துப் பார்த்து எனக்குத் தெளிவான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். குடிக்காதவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை.

ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே நேரத்தில் இரண்டு பாட்டிலைத் திறப்பதிலிருந்து. ஒரு ஒயினை மட்டும் குடித்தால் "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல வராது. அதன் பக்கத்திலேயே இன்னொன்றை வைத்து மாறி மாறி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இது புளிப்பு, அது வழவழப்பு, இதில் மணம் தூக்கல், அது தொண்டையில் சூடாக இறங்குகிறது என்று பேச்சு தானாக வரும். யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

முதல் ஜோடியாக நான் சொல்வது கிளேர் வேலி ரீஸ்லிங், அடிலெய்டு ஹில்ஸ் ஷார்டனே. இரண்டுமே வெள்ளை ஒயின், ரீஸ்லிங், ஷார்டனே என்பவை திராட்சை வகையின் பெயர்கள். ரீஸ்லிங் பெரும்பாலும் ஓக் பீப்பாயைப் பார்க்காதது. எலுமிச்சைச் சாறு பட்டதுபோல நாக்கின் இரு ஓரமும் சிலிர்க்கும், எச்சில் ஊறும். ஷார்டனேயைப் பல இடங்களில் ஓக் பீப்பாயில் வைத்து, அதில் இருக்கும் கூர்மையான மாலிக் அமிலத்தை பாக்டீரியா மூலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவார்கள். அதே வேலையில் டைஅசிட்டைல் என்ற பொருளும் உண்டாகும். வெண்ணெய் மணம் என்று சொல்வது அதைத்தான். லேபிளில் பீப்பாயைப் பற்றி எழுதியிருக்கும் ஷார்டனேயாகப் பார்த்து வாங்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஜோடி சேர்ப்பதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

வித்தியாசத்தை உணர்ந்தால் மட்டும் போதும் என்றால் மேலே சொன்ன ஜோடிபோல எதையும் சேர்க்கலாம். அது எதனால் வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் மாறட்டும். திராட்சை ஒன்றாக இருந்தால் ஊர் மாறட்டும். ஊரும் திராட்சையும் ஒன்றாக இருந்தால் வருடம் மாறட்டும். எல்லாமே மாறினால் எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு லேபிள் உதவும். ஆஸ்திரேலியாவில் ஒரு ஊரின் பெயரைப் போட வேண்டுமென்றால் பாட்டிலில் இருப்பதில் குறைந்தது 85 சதவீதம் அந்த ஊர்த் திராட்சையாக இருக்க வேண்டும். திராட்சை வகைக்கும் அறுவடை வருடத்துக்கும் அதே கணக்கு. அதனால் "பரோசா வேலி ஷிராஸ்" என்று இருந்தால் நம்பி ஒப்பிடலாம் (ஷிராஸ் ஒரு சிவப்பு ஒயின் திராட்சை). "தென்கிழக்கு ஆஸ்திரேலியா" என்று மட்டும் இருந்தால் பல மாநிலத்துத் திராட்சை கலந்திருக்கலாம். குடிக்க அதில் குறை ஒன்றுமில்லை, ஊரை அறிந்துகொள்ளத்தான் உதவாது.

ஷிராஸ் என்றாலே மிளகு மணம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நான் இதில் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்குக் காரணமே அந்த மிளகுதான்.

நாம் ரசத்தில் தட்டிப் போடும் மிளகில் ரொட்டண்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. மிளகுக்கு அந்த மணத்தைக் கொடுப்பது அதுதான். ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இதே பொருள் இருக்கிறது என்பதை அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஆக, மிளகு மணம் என்று யாராவது சொன்னால் அது அலங்காரப் பேச்சு இல்லை. மிளகில் இருப்பதே ஒயினிலும் இருக்கிறது.

எல்லா ஷிராஸிலும் இது ஒரே அளவில் இருக்காது. குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் பழுக்கும் திராட்சையில்தான் கூடுதல். விக்டோரியாவில் கிராம்பியன்ஸ் பகுதி ஷிராஸ் இதற்குப் பேர்போனது. பரோசா பள்ளத்தாக்கின் வெயிலில் பழுத்த ஷிராஸில் மிளகு பின்னால் போய், கறுத்த பழங்களின் இனிப்பான வாசனையும் சாக்லேட் சாயலும் முன்னால் நிற்கும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுங்கள். கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலு மிளகை அப்போதே தட்டி வையுங்கள். முதலில் மிளகை முகருங்கள். ஒரு நிமிடம் விட்டு கிராம்பியன்ஸ், பிறகு பரோசா. எங்கள் வீட்டில் இப்படிச் செய்தபோது, ஒயின் பக்கமே போகாத என் மனைவி கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே "அட, மிளகு ரசம்!" என்றாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, முகர்ந்துதான் பார்த்தாள்.

எனக்கு மட்டும் மிளகு வாசனை வரவே இல்லை. மூக்கில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. அந்த ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, மிக அதிக அளவில் கலந்து கொடுத்தபோதும் ரொட்டண்டோனின் மணம் தெரியவில்லை. பிறவியிலேயே சிலருக்கு அப்படி. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பாட்டிலைக் குடிக்கும் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு ஒயினைக் குடிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் பக்கத்தில் இருப்பவர் "எனக்குத் தெரியவில்லை" என்றால் அவரிடம் வாதாடாதீர்கள்.

சுவைப்பதற்கென்று முறை இருக்கிறதா?

பாருங்கள், சுழற்றுங்கள், முகருங்கள், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படும்படி சில நொடி வைத்திருங்கள். அப்புறம் விழுங்குங்கள் அல்லது துப்புங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். விலையுயர்ந்த கிளாஸும் தேவையில்லை. வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகியிருந்தால் போதும், மணம் உள்ளேயே தங்கும். இரண்டு கிளாஸும் ஒரே வடிவமாக இருப்பது முக்கியம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: முதல் வாயை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதற்கு முன் எதைச் சாப்பிட்டீர்களோ அதன் சுவையும் சேர்ந்துதான் அதில் வரும். இரண்டாவது, மூன்றாவது வாயில்தான் ஒயின் பேச ஆரம்பிக்கும்.

சிவப்பு ஒயின் குடித்தால் வாய் வறண்டு போகிறதே?

அது டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்தும், ஓக் பீப்பாயில் இருந்தும் வருவது. எச்சிலில் வழுக்கலாக இருக்கும் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகிறது. வாழைப்பூவைச் சரியாக ஆயாமல் சமைத்தால் வருமே, அந்தத் துவர்ப்புதான். சிறு வயதிலிருந்தே நமக்குப் பழகியது என்பதால் இதைப் பிடித்துக்கொள்வது நமக்குச் சுலபம்.

ஒப்பிட வேண்டுமானால் மெக்லாரன் வேல் கிரெனாஷும் கூனவாரா காபர்னே சோவின்யோனும் நல்ல ஜோடி. கிரெனாஷில் டானின் மெலிசு. கூனவாராவில் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, காற்றிலும் குளிர்ச்சி. அங்கே விளையும் காபர்னே ஈறைக் கவ்விப் பிடிக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டு செடார் சீஸ் வைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடியுங்கள். சீஸின் புரதமும் கொழுப்பும் டானினின் கடுமையைக் குறைத்துவிடும். பாலில்லாத டீக்கும் பால் டீக்கும் உள்ள வித்தியாசத்தின் பின்னால் இருப்பதும் இதே வேதியியல்தான்.

சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாதாமே?

தாராளமாக வைக்கலாம். அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. ஜனவரியில் அடிலெய்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

இதையும் ஒப்பிட்டே தெரிந்துகொள்ளலாம். ஒரே ஷிராஸை இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியில் சூடாக இருந்ததில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழம் கூழாகிப்போன மாதிரி இருக்கும். குளிர்ந்ததில் பழம் துலக்கமாக இருக்கும், ஆனால் ரொம்பவும் குளிர்ந்தால் மணம் அடங்கி டானின் துருத்திக்கொள்ளும். ஒரே பாட்டில், ஒரு செலவு, இரண்டு ஒயின். வெள்ளை ஒயினையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே குடிக்காமல் 10 டிகிரி அளவுக்கு வரவிட்டுக் குடியுங்கள். நல்ல ஷார்டனேயின் மணத்தைப் பனிக்குளிரில் பூட்டி வைப்பது அநியாயம்.

விலை அதிகமானால் ஒயினும் நன்றாக இருக்குமா?

ஓரளவு வரைக்கும்தான் என்பது என் அனுபவம். மிக மலிவான பாட்டிலுக்கும் நடுத்தர விலைப் பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தை எவராலும் சொல்லிவிட முடியும். அதற்கு மேலே போகப் போக அரிதான தோட்டம், புதிய ஓக் பீப்பாய், பெயர், பல வருடம் பாதாள அறையில் வைத்த செலவு என்று விலை ஏறும். ருசியும் அதே வேகத்தில் ஏறுவதில்லை.

கண்ணும் நம்மை ஏமாற்றும். 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதே ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து இன்னொரு கிளாஸிலும் கொடுத்தார்கள். சாயம் போட்டதை அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் விவரித்தார்கள். படித்தவர்களுக்கே அப்படி என்றால், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் குடிக்கும் நமக்கு?

அதனால் வீட்டில் காகிதப் பையில் பாட்டிலை மறைத்து ஊற்றச் சொல்லுங்கள். இன்னும் கறாரான சோதனை வேண்டுமானால் மூன்று கிளாஸ் வையுங்கள். இரண்டில் ஒரே ஒயின், மூன்றாவதில் வேறு. ஊற்றுபவர் ஒருவர், சுவைப்பவர் வேறொருவர். எது வேறு என்று கண்டுபிடியுங்கள். இது ஆய்வகங்களிலேயே பயன்படும் முறை. கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தக் கூடுதல் விலை உங்களுக்குத் தேவையில்லை.

செல்லர் டோருக்குப் போனால் என்ன செய்வார்கள்?

ஒயின் செய்யும் இடத்திலேயே சுவைத்துப் பார்க்க வைத்திருக்கும் கூடத்தைத்தான் இங்கே செல்லர் டோர் என்கிறார்கள். நாலைந்து ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒவ்வொன்றையும் பற்றிச் சொல்வார்கள். சில இடங்களில் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் பெரும்பாலும் அதைக் கழித்துவிடுவார்கள். வார இறுதியில் போவதானால் முன்பதிவு செய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று இடம் போதும். அதற்கு மேல் நாக்கு வேலை செய்யாது.

பரோசா போனால் செப்பெல்ட்ஸ்ஃபீல்டை விட்டுவிடாதீர்கள். 1878இல் பென்னோ செப்பெல்ட் ஒரு பெரிய பீப்பாயில் டானி என்னும், சாராயம் சேர்த்துச் செறிவூட்டிய ஒயினை நிரப்பி, நூறு வருடத்துக்கு யாரும் தொடக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார். 1978இல் அதைத் திறந்தார்கள். அவருக்குப் பிறகு வந்தவர்களும் ஒவ்வொரு வருடமும் அப்படியே ஒதுக்கி வந்ததால் இன்றைக்கும் வருடாவருடம் ஒரு நூறாண்டு ஒயின் வெளிவருகிறது. நீங்கள் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ஒரு சின்ன கிளாஸ் எடுத்துத் தருவதும் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். என் வருடத்தை அப்படிக் குடித்தேன். பல ஆண்டுகளாகப் பீப்பாய் வழியாக நீர் ஆவியாகிப் போனதில் ஒயின் பாகுபோல் கெட்டிப்பட்டிருந்தது. கிளாஸைச் சாய்த்தால் பழுப்பாக ஒட்டி மெதுவாக வழிந்தது. பேரீச்சை, வறுத்த கொட்டை, கொஞ்சம் கருகிய வெல்லம் எல்லாம் சேர்ந்த மணம். விழுங்கி வெகுநேரம் ஆன பிறகும் வாயில் நின்றது.

ஒரு வேண்டுகோள்: கொடிகளுக்கு நடுவே அனுமதி இல்லாமல் நடக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி விக்டோரியாவில் 1877இல் ஜீலாங் அருகே தலைகாட்டியது. நாம் இருக்கும் தென் ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் அது இன்றுவரை வரவில்லை. காலணியில் ஒட்டிய மண் மூலமே அது பரவக்கூடும்.

"ஓல்டு வைன்" (பழைய கொடி) என்று லேபிளில் இருப்பது விளம்பரமா?

சட்டப்படி அதற்கு வரையறை கிடையாது, எவரும் போட்டுக்கொள்ளலாம். பரோசாக்காரர்கள் 2009இல் தங்களுக்குள் ஒரு கணக்கு வகுத்தார்கள். கொடியின் வயது 35 வருடத்துக்கு மேல் என்றால் ஓல்டு, 70க்கு மேல் சர்வைவர், 100க்கு மேல் செண்டினேரியன், 125க்கு மேல் ஆன்செஸ்டர். ஃபிலாக்சரா வராததால்தான் இவ்வளவு பழைய கொடிகள் இங்கே பிழைத்திருக்கின்றன. 1843இல் நட்டதாகக் கருதப்படும் ஷிராஸ் கொடிகள் பரோசாவின் தனுண்டா பக்கம் இன்னும் காய்க்கின்றன.

நம் சாப்பாட்டோடு எது சேரும்?

காரம் இருந்தால் டானினும் ஆல்கஹாலும் குறைவாக இருக்கட்டும். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். காரக்குழம்போடு 15 சதவீத ஷிராஸ் குடித்தால் இரண்டும் சேர்ந்து வாய் பற்றி எரியும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் அங்கே அருமையாகப் பொருந்தும். புளி சேர்ந்த எதற்கும் புளிப்பு தூக்கலான ஒயின்தான் சரி, இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மட்டன் சுக்காவை மிளகாய் குறைத்து மிளகு தூக்கலாகச் செய்தால் குளிர்வித்த கிரெனாஷ். சாம்பார் சாதத்துக்கு எந்த ஒயினும் வேண்டாம் என்பது என் முடிவு.

ஒயின் சைவமா?

எல்லாம் இல்லை. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் போன்றவற்றைச் சில இடங்களில் பயன்படுத்துவார்கள். அவை அடியில் படிந்து பெரும்பாலும் நீங்கிவிடும் என்றாலும் பலருக்கு இது மனதுக்கு ஒப்பாது. முட்டையோ பாலோ ஒயினில் மிஞ்சியிருந்தால் ஆஸ்திரேலிய லேபிளில் அதைச் சொல்லியாக வேண்டும். "வீகன்" என்று போட்டிருந்தால் கவலையில்லை. செல்லர் டோரில் நேராகக் கேட்டுவிடுங்கள், தயங்காமல் பதில் சொல்வார்கள்.

துப்புவது அநாகரிகம் இல்லையா? கார் ஓட்டலாமா?

துப்புவதற்கென்றே வாளி வைத்திருப்பார்கள். ஒயின் செய்பவர்களே துப்பித்தான் சுவைப்பார்கள்.

இங்கே 10 கிராம் ஆல்கஹாலை ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க் என்கிறார்கள். ஒரு பாட்டிலில் அது எத்தனை என்று லேபிளிலேயே இருக்கும். 14.5 சதவீத ஷிராஸ் பாட்டிலில் 8.6, 12 சதவீத ரீஸ்லிங் பாட்டிலில் 7.1. செல்லர் டோரில் 30 மில்லி வீதம் ஷிராஸ் மூன்று முறை விழுங்கினாலே ஒன்று ஆகிவிடும். முழு உரிமம் உள்ளவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தை எட்டினாலே குற்றம், எல், பி தகடு வைத்திருப்பவர்களுக்கு (ஓட்டப் பழகுபவர்கள், தற்காலிக உரிமம் உள்ளவர்கள்) பூஜ்ஜியம். குழுவாகப் போனால் ஓட்டுபவர் ஒரு சொட்டும் விழுங்க வேண்டாம்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

அந்த நம்பிக்கையில் குடிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. ஆஸ்திரேலிய மருத்துவ வழிகாட்டுதல் வாரத்துக்கு 10 ஸ்டாண்டர்டு டிரிங்குக்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் 4க்கு மேல் வேண்டாம் என்கிறது. கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. ருசிக்காகக் குடிக்கிறோம், அதற்கு மேல் காரணம் தேடத் தேவையில்லை.

இரண்டு பாட்டில் திறந்தால் மீதியை என்ன செய்வது?

மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். கிளேர் வேலியின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து கார்க்கை விட்டு ஸ்க்ரூ மூடிக்கு மாறினார்கள். இன்று ஆஸ்திரேலியப் பாட்டில்களில் பெரும்பாலானவை அப்படித்தான், திரும்ப மூடுவது சுலபம். வெள்ளை மூன்று நாலு நாள், சிவப்பு இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரு வழி நான் கையாள்வது: திறந்தவுடனே பாதியைச் சுத்தமான சின்ன பாட்டிலில் வாய்வரை நிரப்பி மூடிவிடுவேன். உள்ளே காற்றுக்கு இடமில்லாததால் ஒரு வாரம்கூட நன்றாக இருக்கும். அடுத்த வாரம் அதே ஒயினுக்குப் பக்கத்தில் வேறொன்றைத் திறந்து ஒப்பிடலாம். ரொம்ப நாளாகிப் போனால் வினிகர் வாடை வரும். அப்போது மட்டன் ஊறவைக்கக்கூட எடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.